மின்னலுக்கு இருபத்தாறு வயது

மின்னல் என்கிற டிஸ்கோ பாடகியிடம் பேஸ் கிட்டார் வாசிக்க நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு இருபத்துநான்கு. அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். ஆறு வருஷம் கழித்து எனக்கு இருபத்தெட்டு ஆனது. அவருக்கு இருபத்தைந்து ஆகியிருந்தது. “இனிமே அக்கான்னு கூப்பிடாதே, ஜனங்க கணக்குப் போடுவாங்க” என்று கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு அவர் என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நிஜக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த அன்று அவருக்கு முப்பத்துமூன்று. கல்யாணமாகி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. உள்ளே நுழைந்ததும் மேஜை மேல் பத்துப் பதினைந்து பேருடைய மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வீட்டில் எப்போதும் சிரித்த முகமாக இருந்தவை அவை மட்டும்தான்.

மின்னல் பதினெட்டு வயதில் ஒரு பாட்டை ரெகார்டு செய்திருந்தார். பாட்டு நன்றாக ஓடியது, ரெகார்டு கம்பெனிதான் ஓடவில்லை. இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை, அதற்கப்புறம் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு நேரத்துப் பாட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்காகப் பத்து வருஷம் பாடினார். ஒருநாள் அங்கே சாப்பிட வந்த ஒரு மனிதர், வாயில் வைத்த கரண்டியை எடுக்க மறந்து திரும்பிப் பார்த்தார். அவர்தான் எக்கோ முதலாளி.

எக்கோ என்ற பெயர் வரக் காரணம் இரண்டு. யார் பாடினாலும் அந்தக் குரலுக்கு எக்கோ வைத்தால்தான் கேசட்டை வெளியே விடுவார். பேசும்போதும் கடைசி வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்வார், முதல் தடவை சொன்னது தனக்கே கேட்காத மாதிரி.

மறுநாளே பல்செட்காரரின் பட்டறைக்கு வந்து, பற்களுக்கு நடுவே உட்கார்ந்து பேரம் பேசினார். பேசியது பணத்தைப் பற்றியல்ல, வயதைப் பற்றி.

“குரல் தங்கம்மா. ஆனா டிஸ்கோவுக்கு முப்பத்திமூணு ஆகாது. இருபத்திநாலுன்னு வைப்போம், இருபத்திநாலு.”

“அப்போ என் பொண்ணு?” என்றார் மின்னல்.

“தங்கச்சி. பாக்க லட்சணமா இருக்கா, தங்கச்சி.”

மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்த பல்செட்காரர் தலையைத் தூக்கினார். அவருக்கு நாற்பத்தொன்று, தலை முழுக்க வழுக்கை. “அப்படீன்னா நான் யாரு?”

எக்கோ அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்பா.”

அறையில் கொஞ்ச நேரம் பற்கள் மட்டும் சிரித்தன.

“கோவிச்சுக்காதீங்க சார். அவங்ககிட்ட குறைச்ச ஒன்பதை உங்க மேல போட்டுடலாம். உங்களுக்கு அம்பது. மொத்தக் கணக்கு சரியா வந்துடும், வந்துடும்.”

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். மின்னல் ஜன்னல் பக்கம் திரும்பி, “எத்தனை பாட்டு?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பத்து வருஷம் முதுகுகளைப் பார்த்துப் பாடியவருக்கு, முகங்களைக் காட்டுகிறேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான்.

“சரி,” என்றார் பல்செட்காரர். “அப்பா ஆயிட்டேன். இனிமேலாவது என் பேச்சைக் கேட்டு நடந்துக்கம்மா.”

முதல் கேசட்டிலேயே ‘தரையே சுழலு’ என்ற பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அந்த நாலு நிமிஷத்துப் பாட்டு தரையை ஐம்பது தடவையாவது சுழலச் சொல்லும். வேறு கருத்து எதுவும் அதில் கிடையாது. அதனால்தான் எல்லோருக்கும் பிடித்தது. முடிதிருத்தும் கடை, பஸ், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை, எங்கும் அதே பாட்டு. கூரையில் கண்ணாடி உருண்டை சுற்ற, ஜிகினா உடையில் மின்னல் மேடைக்கு வந்தால், எழுந்து ஆடாதவர்கள் காலில் கட்டுப் போட்டவர்கள் மட்டும்தான். உச்சத்துக்குப் போகும்போது அவர் இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். நாட்டில் பாதிப் பேர் அவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடித்தார் என்று நம்பினார்கள். மீதிப் பாதிப் பேர் பெண்கள். அவர்களும் அப்படி ஒற்றைக்கண்ணை மூடிப் பழகினார்கள்.

நான் பேஸ் கிட்டார். மேடையில் பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் எல்லோரையும் பார்க்கலாம். முதல் வரிசையில் கைத்தடியோடு ‘அப்பா’ உட்கார்ந்திருப்பார். கைத்தடி எக்கோவின் யோசனை. பக்கத்தில் ‘தங்கச்சி’ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வருஷமே ஒரு சிக்கல் வந்தது. யாரோ ஒரு ரசிகர் பரணைக் குடைந்து, மின்னலின் பழைய ரெகார்டைக் கண்டுபிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். உறையில் பதினெட்டு வயது மின்னலின் படம், அச்சிட்ட வருஷத்தோடு. அந்த வருஷத்தில் நம் இருபத்துநான்குக்கு வயது எட்டோ ஒன்பதோ.

எக்கோ அசரவில்லை. நிருபர்களைக் கூட்டி வைத்து, “அது இவங்க அத்தை. பேரும் அதே, குரலும் அதே. பாவம், இறந்துட்டாங்க, இறந்துட்டாங்க” என்றார்.

மின்னலுக்கே அப்போதுதான் தெரியும், தான் செத்துப்போனது. அதோடு விட்டார்களா? ‘மறைந்த அத்தைக்கு ஒரு மாலை’ என்று நிகழ்ச்சி நடத்தினார்கள். மின்னல் தன் பழைய பாட்டையே பாடி, தன் படத்துக்கே மெழுகுவத்தி ஏற்றி, கண்ணீர் விட்டார். அது நடிப்பில்லை. மேடையை விட்டு இறங்கும்போது என்னிடம், “அந்தப் பொண்ணு என்னைவிட நல்லாத்தான்டா பாடியிருக்கா” என்றார். கலைஞர்கள் சங்கம் அந்த அத்தைக்கு, அவர் மறைவுக்குப் பிறகான விருது ஒன்று கொடுத்தது. அதையும் இவர்தான் போய் வாங்கிக்கொண்டார். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த அத்தைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர்கூட அந்தச் சங்கத்தில் கிடையாது.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்தது.

மகளுக்கு அப்போது பதினான்கு. கடுமையான காய்ச்சல். அன்று மத்தியானம் பேட்டிக்கு ஒரு பெண் நிருபர் வருவதாக முன்பே ஏற்பாடு, மாற்ற முடியவில்லை. முன்னறையில் பேட்டி, உள்ளறையில் காய்ச்சல். அடுத்த கேசட்டுக்கு எத்தனை பாட்டு என்று நிருபர் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து, “அம்மா... அம்மா, தண்ணி” என்று குரல் வந்தது. மின்னல் பாதி எழுந்துவிட்டார்.

எக்கோ அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். “தங்கச்சி. அம்மா போனதுலேருந்து காய்ச்சல் வந்தா இப்படித்தான் அம்மாவைக் கூப்பிடுவா, அம்மாவை.”

“ஐயோ பாவம்” என்றார் நிருபர்.

பல்செட்காரர் கையில் ஒட்டியிருந்த பல் அச்சு பிளாஸ்டரைக்கூடத் துடைக்காமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மின்னல் மீதிக் கேள்விகளுக்கு நேராக உட்கார்ந்து பதில் சொன்னார். பேட்டி நன்றாக வந்தது.

காய்ச்சல் விட்டதும் மகள் அவரை மின்னல் என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். வெளியில் மட்டுமல்ல, வீட்டிலும்.

“வீட்டுலயாவது அம்மான்னு கூப்பிடேன்டி.”

“உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னா எனக்குக் குழம்புது மின்னல். ஒண்ணே போதும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவள் தலையைச் சீவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். மின்னல் அன்று ஒத்திகைக்கு வந்து ஒரே பாட்டை ஒன்பது தடவை நிறுத்தி நிறுத்திப் பாடினார். டிரம்ஸ்காரன்தான் தப்பு செய்கிறான் என்று அவனைத் திட்டினார். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

வருஷங்கள் போயின; மற்ற எல்லோருக்கும். எக்கோவின் உத்தரவுப்படி மின்னலுக்கு ஆறேழு வருஷத்துக்கு ஒரு வயது ஏறியது. பல்செட்காரருக்கு மட்டும் தவறாமல் வருஷம் ஒன்று ஏறியது. ஒருகட்டத்தில் மின்னலே அந்தக் கணக்கை நம்பிவிட்டார். முழங்கால் வலி என்று, யாருக்கும் தெரியாமல் வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் போனார். என்னையும் துணைக்கு அழைத்துப்போனார். வயது என்ன என்று கேட்டதும் பழக்க தோஷத்தில் “இருபத்தாறு” என்றார். டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. இந்த வயதில் மூட்டு இப்படித் தேய்ந்திருந்தால் இது ரொம்ப அபூர்வமான வியாதி, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். அவருக்கு நாற்பத்தேழு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மின்னல் பல்லைக் கடித்துக்கொண்டு என் காலை மிதித்தார். தைலம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

மகள் படித்து முடித்து ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு இருபத்தாறு ஆன வருஷம் எக்கோவுக்குத் தலை சுற்றியது. “ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொல்லிடலாமா, ரெட்டை?” என்று கேட்டுப் பார்த்தார். ஒரு வருஷம் அப்படியே ஓட்டினார்கள். அடுத்த வருஷம் மகள் மின்னலுக்கு அக்கா ஆனாள். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும், “உங்க தங்கச்சி பாட்டு சூப்பர்” என்பார்கள். “சொல்றேன், சின்னப் பொண்ணு, சந்தோஷப்படுவா” என்பாள் இவள்.

அங்கேயே எக்ஸ்ரே எடுக்கும் ஒருவரைக் காதலித்தாள். எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லுகிற தொழில்காரரை வேண்டுமென்றே தேடிப்பிடித்தாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவருடைய அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. மின்னலின் புது ஆல்பம் வரும்வரை வெளியே விடக்கூடாது என்று எக்கோ கெஞ்சியிருந்தார். ஆல்பத்தின் பெயரே ‘இன்னும் இருபத்தாறு’.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் டீச்சர் என்றால்தான் தெரியும். கணவர் இல்லாமல் இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கியவர். விசில் கழுத்தில் இல்லாத நாளிலும் அவர் பேச்சில் அது இருக்கும்.

கல்யாணம் ஒரு சின்ன மண்டபத்தில், காலை நேரத்தில். மணப்பெண்ணின் தங்கை என்ற முறையில் மின்னல் வெள்ளி ஜிகினா கவுன் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில் சட்டம் போட்ட ஒரு போட்டோ இருந்தது. அதுவும் எக்கோவின் ஏற்பாடு. அம்மா செத்துப்போனார் என்றால் ஒரு போட்டோ வேண்டுமே. மின்னலின் படத்தையே கொடுத்து, தலையில் நரை, கண்ணுக்குக் கீழே சுருக்கம், வாயோரத்தில் இரண்டு கோடு எல்லாம் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மின்னல் அந்த நாற்காலி முன்னால் வெகுநேரம் நின்றார். நான் ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

“இந்தம்மா நல்லா இருக்காங்க இல்ல?” என்றார்.

“இருக்காங்க” என்றேன்.

“கல்யாணத்தைப் பாக்க உக்காந்திருக்காங்க பாரு. எனக்கு உக்கார இடம் இல்ல.”

அந்த நேரத்தில்தான் விசில் டீச்சர் தன் இரண்டாவது பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பல்செட்காரர் முன்னால் நின்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

“சம்பந்தி, ஒரு விஷயம். மூத்தவளைக் குடுத்துட்டீங்க. இளையவளையும் எங்க வீட்டுக்கே குடுத்துடுங்க. இவனுக்கும் இருபத்தாறு, உங்க மின்னலுக்கும் இருபத்தாறு. ஜோடிப் பொருத்தம் பிரமாதமா இருக்கும்.”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தரை சுழலவில்லை. எக்கோ தூணைப் பிடித்துக்கொண்டார்.

பதினைந்து வருஷமாக அப்பாவாக இருந்த பல்செட்காரர் கைத்தடியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். “நல்ல இடம்தான் டீச்சர். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரே ஒரு சங்கடம். அவ என் பொண்டாட்டி.”

யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள்.

“டயலாக், டயலாக்! புது ஆல்பத்துல வர்ற டயலாக்” என்று எக்கோ ஓடி வந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மின்னலைப் பார்த்தார்கள். அவர் கையில் மீதி இருந்த பூக்களை என்னிடம் கொடுத்தார்.

“ஆமா டீச்சர்” என்றார். “எனக்கு நாப்பத்தெட்டு. அது என் பொண்ணு. நான் பெத்த பொண்ணு.”

அவர் எதிர்பார்த்தது கூச்சல். விசில் டீச்சரோ பெருமூச்சு விட்டார். “அப்பாடா! எப்போதான் சொல்வீங்கன்னு பாத்தேன். இதைச் சொல்ல வைக்கிறதுக்கு நான் பெத்த பிள்ளையைக் கூட்டிட்டு வந்து பொண்ணு கேக்க வேண்டியிருக்கு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“செத்துப்போன உங்க அத்தை பாட்டுக்குக் காலேஜ்ல நான் ஆடி முதல் பரிசு வாங்கியிருக்கேன். அந்தம்மாவை மேடையில நேர்ல பாத்திருக்கேன். உச்சத்துல இடது கண்ணை மூடுவாங்க. அத்தையும் மூடி, மருமகளும் அதே கண்ணை மூடுவாளா? எனக்கும் உங்களுக்கும் ஒரே வயசும்மா. எனக்கு மட்டும் இல்ல, எங்க வயசுக்காரிங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் யாரும் சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? உங்களுக்கு இருபத்தாறுன்னா எங்களுக்கும் இருபத்தாறுதானே. சும்மா கிடைக்கிறதை யாரு வேணாம்பா?” என்றவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். “ஆனா கல்யாணத்துல அது நடக்காது. எனக்கு ஒரு சம்பந்தியம்மா வேணும். ஊர்ல எல்லாரும் சம்பந்தியம்மாவோட சண்டை போடுறாங்க. நான் போட்டோவோட சண்டை போடணுமா?”

மகள் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். நாற்காலியிலிருந்த படத்தை எடுத்துச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். “உக்காரு” என்றாள். மின்னல் நின்றுகொண்டே இருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று பல்செட்காரருக்கும் எனக்கும் புரிந்தது. மகளுக்கும் புரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதின்மூன்று வருஷமாகச் சொல்லாத வார்த்தை உடனே வருமா?

“உக்காரும்மா, கால் வலிக்கும்” என்றாள்.

மின்னல் உட்கார்ந்தார். ஜிகினா கவுன் நாற்காலியில் உட்கார வசதியாகத் தைத்ததில்லை. பக்கவாட்டில் தையல் விட்டுப்போனது. அவர் அழுததற்கு அதுதான் காரணம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்ததும் எக்கோ முதலாளி இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து, ‘டிஸ்கோ அம்மா’ என்று புது ஆல்பம் போடலாம், தலைக்கு நரை பூசிக்கொள்ளுங்கள், நரை பூசிக்கொள்ளுங்கள் என்று வந்தார். நரை ஏற்கெனவே இருக்கிறது, சாயத்தைக் கழுவினால் போதும் என்றார் பல்செட்காரர். ஆல்பம் எதுவும் வரவில்லை. எக்கோ பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பிடித்தார். அவளுக்கு வயதைக் குறைக்க வேண்டிய அவசியமில்லை, பாட்டுத்தான் வரவில்லை. அதற்கும் எக்கோ வைத்துச் சமாளித்தார்.

மின்னலின் ரசிகர்கள் எல்லோரும் பெருந்தன்மையோடு அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் ஏமாற்றுக்காரி என்று திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சங்கம், அத்தைக்குக் கொடுத்த விருதைத் திருப்பிக் கேட்டது. “அத்தையையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்று பதில் சொல்லி அனுப்பினார் மின்னல். பெரிய அரங்குகள் நின்றுபோயின. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு கிளப் மண்டபத்தில் பாடுகிறார். பழைய பாட்டுகளை இரண்டு கட்டை இறக்கி வாசிக்கிறோம். எனக்கு ஒன்றுமில்லை, பேஸ் கிட்டாரின் சுரம் ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது.

விசில் டீச்சர் எல்லா நிகழ்ச்சிக்கும் வந்துவிடுவார். தான் கேட்ட சண்டையைத் திகட்டத் திகட்டப் பெற்றுக்கொண்டிருக்கிறார். பேத்திக்குத் தொப்பி போடுவதா வேண்டாமா, முடி வெட்டுவதா வளர்ப்பதா என்று இடைவேளை முழுக்க இரண்டு பேரும் கத்துவார்கள். பல்செட்காரர் முதல் வரிசையில் கணவராகவே உட்கார்ந்து, முழு உரிமையோடு தூங்குவார்.

போன வாரம் மூன்றாவது பாட்டில் மின்னலுக்கு முழங்கால் மக்கர் செய்தது. பாட்டை நிறுத்தாமலே கையைக் காட்டி ஒரு நாற்காலி கேட்டார். உட்கார்ந்தபடியே பாடினார். டிஸ்கோவை உட்கார்ந்து பாடிய ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். கூட்டம் கலைந்துவிடும் என்று நான் பயந்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பாதிப் பேர் ‘நல்லவேளை’ என்கிற முகத்தோடு நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலை மட்டும் ஆட்டினார்கள்.